ஆப்ஷன் ஆர்டரை எதன் மேல் கட்டுவது: தேதியா, ஆவணமா, சோதனையா, களமா?

ராணிப்பேட்டை சிப்காட்டிலும் காட்பாடி பக்கமும் யூனிட் நடத்துகிறவர்கள் இப்போது திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. பெல் நிறுவனத்தின் பாய்லர் துணைக்கருவி ஆலையை நம்பி ஷீட் மெட்டல், ஃபேப்ரிகேஷன் என்று வளர்ந்தவர்கள் பாதுகாப்புத் துறை வேலைக்குள் நுழைகிறார்கள். வேலூரில் படித்து முடித்துவிட்டு இங்கேயே ட்ரோன், சென்சார் என்று ஆரம்பித்த இளைஞர்களும் வருகிறார்கள். தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் 5 முனையங்கள் சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி. அந்தப் பட்டியலில் வேலூர் இல்லை. ஆனால் ஒரு பக்கம் ஆவடி, இன்னொரு பக்கம் பெங்களூரு; இரண்டுக்கும் காட்பாடியில் ரயில் ஏறினால் போதும். வேலை வரத்தான் செய்கிறது.

வரும் ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கின்றன. முதலில் ஒரு மாதிரி செய்து காட்டு, அப்புறம் கொஞ்சம் எண்ணிக்கை சப்ளை செய், பிடித்திருந்தால் அதே விலையில் இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறோம். இந்தக் கடைசி வரிதான் ஆப்ஷன் கிளாஸ், அதாவது கூடுதலாக வாங்கிக்கொள்ளும் உரிமையைத் தரும் ஒப்பந்தப் பிரிவு. ‘பிடித்திருந்தால்’ என்பதை எதை வைத்து முடிவு செய்வது? எந்த மைல்கல்லைத் தாண்டினால் ஆப்ஷன் உயிர்பெறும்? இதைப் பேரம் பேசும் இடத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள். விலையைப் பற்றி இரண்டு நாள் பேசுகிறவர்கள் மைல்கல் அட்டவணையை அரை மணி நேரத்தில் நிரப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

நான் இங்கே நான்கு வழிகளை ஒப்பிடுகிறேன். சப்ளை செய்கிற சிறு யூனிட்டின் பக்கமிருந்துதான் பார்க்கிறேன். ஆனால் வேலையைப் பிரித்துக் கீழே கொடுக்கிற பெரிய நிறுவனங்களுக்கும் இதே கணக்கு பொருந்தும்.

ஆப்ஷன் யாருடைய உரிமை

நம் நாட்டுப் பாதுகாப்புக் கொள்முதலில் வழக்கமான ஆப்ஷன் கிளாஸ் என்ன சொல்கிறது? முதல் ஆர்டரில் உள்ள எண்ணிக்கையில் 50 சதவீதம் வரை, அதே விலைக்கு, அதே நிபந்தனைகளில், ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் காலத்துக்குள் வாங்குபவர் கூடுதலாகக் கேட்கலாம். கேட்பது அவர் விருப்பம். கேட்டால் கொடுப்பது உங்கள் கடமை. அதோடு, சந்தையில் விலை இறங்கும் போக்கு இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் ஆப்ஷனைப் பயன்படுத்த வேண்டும் என்று வாங்கும் அதிகாரிக்கு விதி இருக்கிறது. விலை இறங்கினால் உங்களிடம் வாங்கமாட்டார்கள், ஏறினால் பழைய விலைக்குக் கேட்பார்கள் என்று அர்த்தம். அரசுப் பணத்தைக் காப்பாற்ற வேண்டிய அதிகாரி அப்படித்தான் செய்ய வேண்டும், அதில் தவறில்லை. ஆனால் அதற்கான செலவு உங்கள் கணக்கில் ஏறுகிறது.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ரேடார் மின்னணுக் கருவிகளை வைக்கும் அலுமினிய கேபினட் 20. ஒன்று 4 லட்சம் ரூபாய். அதில் மெட்டீரியல் 2.2 லட்சம், கூலி, மெஷினிங், பவுடர் கோட்டிங் எல்லாம் சேர்த்து 1.4 லட்சம், மீதி 40,000 உங்கள் லாபம். ஆப்ஷன் 10. பதினெட்டு மாதம் கழித்து ஆப்ஷன் கடிதம் வருகிறது. அதற்குள் அலுமினியம் 12 சதவீதம், கூலி வகையறா 8 சதவீதம் ஏறியிருக்கிறது என்று வையுங்கள். மெட்டீரியலில் 26,400, கூலியில் 11,200, ஆக 37,600 போய்விட்டது. ஒரு கேபினட்டுக்கு 2,400 ரூபாய் மிச்சம். 40 லட்சம் ரூபாய் ஆர்டரில் 24,000 லாபம். பேங்க் கேரண்டி கமிஷனும் ஓவர்டிராஃப்ட் வட்டியும் கட்டினால் அதுவும் இல்லை.

ஆகவே ஆப்ஷன் எந்த மைல்கல்லோடு கட்டப்பட்டிருக்கிறது, அந்த மைல்கல் எத்தனை மாதத்தில் வரும் என்பது நேராக உங்கள் லாபத்தைத் தொடுகிற விஷயம்.

எதை வைத்து எடைபோடுவது

எல்லாவற்றிலும் முக்கியமானது, அந்த மைல்கல் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்பது. ‘வேலை நடக்கிறதா’ என்பது ஒரு கேள்வி. ‘இதை மேலும் வாங்கலாமா’ என்பது வேறு கேள்வி. முதலாவதற்குப் பதில் கிடைத்தால் பில் போடலாம். இரண்டாவதற்குப் பதில் கிடைத்தால்தான் ஆப்ஷனைப் பற்றிப் பேசலாம். வீட்டுக் கடனில் பேஸ்மென்ட், லின்டல், ரூஃப் என்று கட்டம் கட்டமாக பேங்க் பணம் விடுகிறது. ஆனால் மேலே இன்னொரு மாடி எழுப்பலாமா என்று கேட்டால் அந்த ரசீதுகள் பதில் சொல்லாது. அஸ்திவாரத்தைத்தான் பார்க்க வேண்டும். ஒப்பந்தங்களில் இந்த இரண்டு வகை மைல்கல்லையும் ஒரே அட்டவணையில் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள். பெரும்பாலான தகராறுகளுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது, நிரூபிப்பது யார், அதற்குச் செலவு யாருடையது. சோதனைக் கூடக் கட்டணம், லாரி வாடகை, உடன் போகும் ஆட்களின் சம்பளம், சோதனையில் உடையும் மாதிரியின் விலை, எல்லாமே யாரோ ஒருவர் கொடுக்க வேண்டியவை.

மூன்றாவது, மைல்கல்லைத் தாண்டியதற்கும் முடிவு வருவதற்கும் இடையே எவ்வளவு நாள். அந்த இடைவெளியில் வெல்டர் வேறு இடத்துக்குப் போய்விடுவார், ஜிக் (வேலையின்போது பாகத்தைப் பிடித்துவைக்கும் சட்டம்) துருப்பிடிக்கும்.

தோற்றால் என்ன ஆகும், மறுபடி சோதிக்க வாய்ப்பு உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். இவ்வளவுதான்.

வழி 1: தேதியை வைத்து முடிவு

முதல் டெலிவரி முடிந்த 12 மாதத்துக்குள், அல்லது ஒப்பந்தம் முடிவதற்குள் என்று ஒரு தேதி. அதற்குள் வாங்குபவர் கடிதம் கொடுத்தால் ஆப்ஷன் ஆர்டர், இல்லையென்றால் முடிந்தது. எழுதுவதற்கு எளிது, சண்டைக்கு இடமில்லை.

இது எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாத மைல்கல். நாட்காட்டி நகர்ந்ததைத் தவிர வேறொன்றும் நடந்திருக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே பலமுறை சப்ளை செய்த பொருள் என்றால் அதனால் குறையில்லை. பொருள் வேலை செய்யுமா என்ற சந்தேகமே அங்கே இல்லை, எத்தனை வேண்டும் என்பது மட்டும்தான் முடிவு. ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்திலிருந்து ஒரு பூட் சப்ளை ஆர்டர் போகிறது என்றால் தேதி ஆப்ஷன் போதும்.

புதிதாக உருவாக்கும் பொருளுக்கு இது ஒத்துவராது. தேதி நெருங்கும்போது சோதனை முடிந்திருக்காது. கவனமான அதிகாரி ஆப்ஷனை விட்டுவிடுவார். அவசரத்தில் இருக்கிறவர் பார்க்காமல் எடுத்துவிடுவார். அப்புறம் குறை தெரிந்தால் மொத்த எண்ணிக்கையையும் திருத்திக் கொடுக்க வேண்டியது நீங்கள்.

மறைவான செலவு, மேலே போட்ட அலுமினியக் கணக்கு. தேதி வழியில் போகிறவர்கள் குறைந்தபட்சம் ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும்: முன்னறிவிப்பு. அமெரிக்கக் கூட்டாட்சிக் கொள்முதலில் ஒப்பந்தக் காலத்தை நீட்டிக்கும் ஆப்ஷனுக்கு, எடுக்கப் போகிறோம் என்று வழக்கமாக 60 நாளுக்கு முன்பே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். அந்த அறிவிப்பு அரசைக் கட்டாயப்படுத்தாது, ஆனாலும் சப்ளையர் தயாராக இருக்க உதவுகிறது. நம் ஒப்பந்தத்திலும் அப்படி ஒரு வரியைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வழி 2: ஆவணத்தை வைத்து முடிவு

டிசைன் ரிவ்யூ முடிந்தது, டிராயிங் ஒப்புதல் ஆயிற்று, தரத் திட்டம் கையெழுத்தாயிற்று, முன்னேற்ற அறிக்கை கொடுத்தாயிற்று. இவையெல்லாம் ஆவண மைல்கற்கள். உருவாக்கும் ஒப்பந்தங்களில் பெரும்பாலான மைல்கற்கள் இந்த ரகம்தான்.

சிறு யூனிட்டுக்கு இதில் பெரிய நன்மை பண ஓட்டம். மாதிரி தயாராவதற்கு முன்பே கொஞ்சம் பணம் கைக்கு வரும். பாதுகாப்புத் துறைக்கான புதுமைகளுக்கு அரசு மானியம் தரும் ஐடெக்ஸ் திட்டம் 2018 ஏப்ரலில், சென்னை அருகே திருவிடந்தையில் நடந்த பாதுகாப்புக் கண்காட்சியில் தொடங்கப்பட்டது. அதில் ஸ்டார்ட்அப் சவாலில் வென்றவர்களுக்கு 1.5 கோடி ரூபாய் வரை மானியம், மைல்கல் கணக்கில் தவணை தவணையாக வருகிறது. நிறுவனமும் தன் பங்குக்கு இணையான தொகையைப் போட வேண்டும். அப்படிப்பட்ட நிலையில் முதல் ஒன்றிரண்டு தவணையை டிசைன் ஆவணத்தோடு கட்டிக்கொள்வது மிகவும் நியாயம். இல்லாவிட்டால் சம்பளம் கொடுக்க முடியாது.

ஆனால் ஆப்ஷன் முடிவை இதன் மேல் கட்டுவதை நான் எதிர்க்கிறேன். ஆவணம் நன்றாக இருப்பதும் பொருள் நன்றாக இருப்பதும் ஒன்றல்ல. அமெரிக்கக் கடற்படையின் ஏ-12 தாக்குதல் விமானத்தை நினைத்துப் பாருங்கள். 1988இல் நிலையான விலை ஒப்பந்தம். 1990 வசந்த காலத்தில் திட்டம் ஒழுங்காகப் போகிறது என்று பாதுகாப்பு அமைச்சரிடம் சொல்லப்பட்டது. சில வாரங்களிலேயே காலதாமதத்தையும் செலவு மிகுதியையும் ஒப்பந்ததாரர்களே ஒப்புக்கொண்டார்கள். 1991 ஜனவரியில் திட்டம் ரத்து. ஒரு விமானம்கூடப் பறக்கவில்லை. வழக்கு 2014 வரை நடந்தது. அறிக்கைகளுக்கு அங்கே பஞ்சமே இல்லை.

இதில் மறைந்திருக்கும் செலவு நேரம். 3 பேர் இருக்கும் டிசைன் பிரிவில் ஒருவர் முழுநேரமும் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தால் மாதிரி செய்வது யார்? ஒப்புதல் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் வாரங்களும் சேரும். அதிகாரி மாற்றலாகிப் போனால் புதியவர் முதலிலிருந்து படிப்பார்.

பணத்துக்கு இந்த வழி சரி. ஆப்ஷனுக்கு இது போதாது.

வழி 3: சோதனையை வைத்து முடிவு

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டித்தே எழுதுகிறேன். பெரும்பாலான நம் யூனிட்டுகளுக்கு இதுதான் சரியான வழி என்று நம்புகிறேன். அதே சமயம் இதைத்தான் மோசமாக எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

‘சோதனையில் தேர்ச்சி பெற வேண்டும்’ என்று எழுதினால் போதாது. எந்தச் சோதனை, எந்த வரிசையில், எத்தனை மாதிரியில், என்ன அளவு வந்தால் தேர்ச்சி என்று எழுத வேண்டும். மின்னணுக் கருவிகளுக்கு நம் படைகள் ஜேஎஸ்எஸ் 55555 என்ற தரநிலையைக் கேட்கும். வெப்பம், குளிர், ஈரப்பதம், அதிர்வு, குலுக்கல், தூசி, சாய்வாக அடிக்கும் மழை, பூஞ்சை என்று அதில் சோதனைகள் நீளும்.

வரிசை ஏன் முக்கியம் என்று பாருங்கள். கேபினட் கதவின் ரப்பர் கேஸ்கட் புதிதாக இருக்கும்போது மழைச் சோதனை வைத்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. அதே கேபினட்டை முதலில் அதிர்வு மேசையில் ஏற்றி இறக்கினால் தாழ்ப்பாள் ஒரு நூலளவு தளரும். கீல் பக்கம் தெரியாது. தாழ்ப்பாளுக்குக் கீழ் மூலையில் கேஸ்கட்டின் அமுக்கம் குறைந்திருக்கும். அதற்குப் பிறகு மழைச் சோதனை வைத்து, உள்ளே விரித்த வெள்ளைத்தாளை எடுத்துப் பார்த்தால் அந்த மூலையில் மட்டும் ஈரம். லாரியில் ஏறி எல்லைக்குப் போய் மழையில் நிற்கப் போகும் கேபினட்டுக்கு எந்த வரிசை உண்மையானது என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒரு ஈரத்தடம் தரும் தகவல் 200 பக்க அறிக்கையில் கிடைக்காது. இன்னும் 10 கேபினட் வாங்கலாமா என்ற கேள்விக்கு அது நேரான பதில்.

இதே முறையில் பெரிய அளவில் முடிவெடுத்த உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. தேஜஸ் விமானத்தை முழுதாக உருவாக்கும் வேலையை ஒரே மூச்சில் கொடுக்கவில்லை. 1993இல் 2,188 கோடி ரூபாய்க்கு முதல் கட்டம், தொழில்நுட்பம் சாத்தியமா என்று காட்டும் விமானங்களுக்கு மட்டும். 2001 ஜனவரி 4 அன்று முதல் விமானம் பறந்தது. இரண்டாம் கட்டத்துக்கான ஒப்புதல் அதே ஆண்டு நவம்பரில்தான் வந்தது. தாமதம் என்று அந்தத் திட்டத்தை எவ்வளவோ பேர் குறை சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் அடுத்த கட்டப் பணத்தைப் பறந்து காட்டிய பிறகு விட்டது சரியான முடிவு.

அதே விமானத்துக்காக 1989இல் தொடங்கிய காவேரி இன்ஜினின் கதை வேறு. உந்துவிசை தேவையான அளவுக்கு வரவில்லை, எடையும் கூடியது. தேஜஸ் அமெரிக்க எஃப்404 இன்ஜினோடு பறந்தது. 2008இல் காவேரியைத் தேஜஸிலிருந்து பிரித்தார்கள். இந்த இன்ஜினை விமானத்தில் போடலாமா என்ற கேள்விக்கு உந்துவிசை, எடை என்ற இரண்டே அளவுகள் பதில் சொல்லும். ‘இந்தத் தேதிக்குள் இந்த அளவு வரவில்லையென்றால் மாற்று வழி’ என்று ஆரம்பத்திலேயே எழுதிவைப்பது எவ்வளவு பெரிய உதவி என்று இதிலிருந்து தெரிகிறது. முழு வாய்ப்பும் போய்விடாமல், அடுத்து என்ன செய்வது என்று இரு தரப்புக்கும் நேரத்தோடு தெரியும்.

சரி, மறைவான செலவுகளுக்கு வருவோம். இவை கொஞ்சமல்ல. மின்காந்தக் குறுக்கீட்டுச் சோதனைக்கு சென்னை தரமணியில் இருக்கும் சமீர் போன்ற கூடங்களுக்குப் போக வேண்டும். அங்கே நாள் குறித்துக் கொடுப்பார்கள். அந்த நாள் உங்கள் மைல்கல் தேதிக்கு முன்பா பின்பா என்பதை ஒப்பந்தம் போடும் முன் விசாரித்துவிடுங்கள். கூடத்தில் இடம் கிடைக்காததால் ஏற்படும் தாமதத்துக்கு உங்கள் மேல் அபராதம் விழக் கூடாது என்று ஒரு வரி எழுதுங்கள். முதல் தடவை தோற்றால் குறையைச் சரிசெய்து மறுபடி ஒருமுறை சோதிக்கும் உரிமை, அதற்கான கால நீட்டிப்பு, இரண்டாவது சோதனைக் கட்டணம் யாருடையது, இந்த மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். மறுசோதனை உரிமை இல்லாத சோதனை மைல்கல்லில் கையெழுத்துப் போடாதீர்கள் என்றே சொல்வேன்.

இன்னொன்று. வேலூர் கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் ஒரு வாரம் வைத்தோம், தாங்கியது என்பது உங்கள் நம்பிக்கைக்கு உதவும். ராஜஸ்தான் பாலைவனத்துக்காக வரையறுத்த வெப்பத்துக்கு அதை ஈடாகக் காட்ட முடியாது. அங்கீகாரம் பெற்ற கூடத்தின் அறிக்கை வேண்டும்.

வழி 4: களத்தை வைத்து முடிவு

பொருளைப் படையினரிடமே கொடுத்து, அவர்கள் பயன்படுத்திச் சொல்லும் தீர்ப்பை வைத்து ஆப்ஷன். வாங்குபவருக்கு இதைவிட நம்பகமான பதில் கிடையாது. ஆவடியில் பிறந்த அர்ஜுன் டாங்க் இதற்கு நல்ல சாட்சி. முதலில் 124 டாங்க்குக்கு ஆர்டர். அதற்கு மேல் வேண்டுமா என்று பல வருடம் வாதம். 2010இல் ராஜஸ்தானில் டி-90 டாங்க்கோடு ஒப்பீட்டுச் சோதனை நடந்தது. அந்த வருடமே இன்னும் 124 வாங்குவது என்று முடிவானது. அந்த முடிவுக்குக் களம்தான் வழி திறந்தது.

சிறு யூனிட்டுக்கு இதில் உள்ள அபாயம் காலம். பாலைவனச் சோதனை என்றால் கோடைக்குக் காத்திருக்க வேண்டும். பனிப்பகுதி என்றால் குளிர்காலம். ஒரு பருவத்தைத் தவறவிட்டால் ஒரு வருடம் போய்விடும். படைப்பிரிவு இடம் மாறலாம். உங்கள் இன்ஜினியர் அங்கே போய்த் தங்க வேண்டும், உதிரிபாகம் அனுப்ப வேண்டும். இந்தச் செலவை எல்லாம் பெரும்பாலும் யாரும் திருப்பித் தருவதில்லை. பெரிய கம்பெனி தாங்கும். 15 பேர் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு வருடக் காத்திருப்பு என்பது யூனிட்டை மூடுவதற்குச் சமம்.

ஆனால் நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு பலம் இருக்கிறது. பழைய வடாற்காட்டில் வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் உண்டு. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறார்கள். ராணுவத்தின் சிக்னல்ஸிலும் (தகவல் தொடர்புப் பிரிவு) ஈஎம்இயிலும் (கருவிகளைப் பழுதுபார்க்கும் பிரிவு) 20 வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களை நம் தெருவிலேயே பார்க்கலாம். மாதிரி தயாரானதும் அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். “கையுறை போட்டுக்கொண்டு இந்தத் தாழ்ப்பாளைத் திறக்க முடியுமா தம்பி? ராத்திரியில் டார்ச் அடிக்காமல் இந்த ஸ்க்ரூவைத் தேட முடியுமா?” என்று கேட்பார்கள். களச் சோதனையில் தோற்கடிக்கக்கூடிய பாதி விஷயங்கள் அந்த ஒரு மாலையிலேயே வெளியே வந்துவிடும். அவர்களுக்கு உரிய மதிப்பும் ஊதியமும் கொடுத்து இந்த வேலையைச் செய்யுங்கள்.

ஒரே பார்வையில்

| | தேதி | ஆவணம் | சோதனை | களம் |
|---|---|---|---|---|
| பதில் சொல்லும் கேள்வி | எதுவும் இல்லை | வேலை நடக்கிறதா | பொருள் தாங்குமா | படைக்குப் பயன்படுமா |
| நிரூபிக்கும் செலவு | இல்லை | ஆள் நேரம் | கூடக் கட்டணம், மாதிரி | பயணம், உதிரிபாகம், காத்திருப்பு |
| முடிவு வரும் வேகம் | தெரிந்த நாள் | கையெழுத்தைப் பொறுத்தது | சில மாதம் | ஒரு பருவம் அல்லது அதற்கு மேல் |
| பெரிய அபாயம் | பழைய விலை | பொய்யான நிம்மதி | மறுசோதனை இல்லாமை | பணம் தீர்ந்துபோவது |
| ஏற்ற இடம் | பழகிய பொருள் | இடைக்காலப் பணம் | புதிய பாகம், துணைக்கருவி | முழுக் கருவி, பெரிய நிறுவனம் |

ஆப்ஷனின் கடைசி நாள்

நான்கில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் இதைப் பார்க்காவிட்டால் வீண். மைல்கல்லும் ஆப்ஷனின் கடைசி நாளும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா?

மேலே சொன்ன கேபினட் ஒப்பந்தத்தையே எடுத்துக்கொள்வோம். 9ஆம் மாதம் மாதிரி தயார். 12ஆம் மாதம் சோதனை, 14இல் அறிக்கை. கடைசி டெலிவரி 18ஆம் மாதம்; அதோடு ஒப்பந்தமும் ஆப்ஷனும் முடிகிறது. களச் சோதனையோ 16இல் தொடங்கி 20இல் முடிகிறது. ஆப்ஷன் களத்தின் தீர்ப்பைப் பொறுத்தது என்று எழுதியிருந்தால், தீர்ப்பு வரும்போது ஆப்ஷனே செத்துப்போயிருக்கும். பொருள் நன்றாக வேலை செய்தாலும் புதிய டெண்டர்தான். நீங்கள் சிந்திய வியர்வையில் உருவான டிராயிங்கோடு வேறொருவர் குறைந்த விலை போட்டு ஆர்டரை எடுத்துப்போக வழி திறந்துவிடும்.

சோதனை அறிக்கை கைக்கு வந்த பிறகு, வாங்குபவரின் நிதிப் பிரிவு ஒப்புதல் கொடுக்கக் குறைந்தது 3 மாதமாவது இருக்குமாறு கடைசி நாளை வைக்கச் சொல்லுங்கள். அதே சமயம் அது உங்களுக்கு விலை தாங்கும் காலத்தைத் தாண்டக் கூடாது. இரண்டும் இடித்தால், ஆப்ஷன் விலையை மெட்டீரியல் விலைக் குறியீட்டோடு கட்டச் சொல்லிக் கேட்கலாம். அதற்கு மறுத்தால் ஆப்ஷன் எண்ணிக்கையை 50 சதவீதத்திலிருந்து குறைக்கக் கேளுங்கள். அரசோடு நேராகப் போடும் ஒப்பந்தத்தில் இந்த வரிகளை அசைப்பது கடினம். பெரிய நிறுவனத்தின் கீழ் வேலை எடுக்கும்போது பேச இடம் உண்டு.

யாருக்கு எது

ஏற்கெனவே செய்து பழகிய பொருளை மட்டும் சப்ளை செய்கிறீர்களா? தேதி போதும். முன்னறிவிப்பு வரியை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாகமோ துணைக்கருவியோ புதிதாகச் செய்கிற பட்டறைக்கு என் பரிந்துரை இதுதான்: பணத்துக்கு ஆவண மைல்கல், ஆப்ஷனுக்குச் சோதனை மைல்கல். இரண்டையும் தனித்தனி இணைப்பாகப் போடச் சொல்லுங்கள். அப்படிப் பிரித்துவிட்டால் சோதனை தள்ளிப்போனாலும் அதுவரை செய்த வேலைக்கான பில்லை நிறுத்தக் காரணம் இருக்காது. இந்த ஒரு மாற்றத்துக்காக மற்ற எதையும் விட்டுக்கொடுக்கலாம்.

ட்ரோன் மாதிரி முழுக் கருவி செய்யும் ஸ்டார்ட்அப்புக்குக் களத்தைத் தவிர்க்க முடியாது. அங்கே ஆப்ஷனை இரண்டாக உடைக்கக் கேளுங்கள். சோதனைக் கூடத்தில் தேர்ச்சி பெற்றதும் ஒரு சிறு எண்ணிக்கை, களத்தில் தேறியதும் மீதி. முதல் பகுதி உங்களை உயிரோடு வைத்திருக்கும். களச் சோதனைக்கு வேண்டிய கருவிகளும் அதிலிருந்தே கிடைக்கும்.

முதலீடு முழுக்க உங்கள் கைப்பணம் என்றால், அதாவது மேக்-2 வகையில் அரசு நிதி இல்லாமல் மாதிரி செய்கிறீர்கள் என்றால், சோதனை அளவுகள் எழுத்தில் உறுதியாகும் வரை மெட்டீரியல் வாங்காதீர்கள். பாதி வழியில் அளவு மாறினால் அந்தச் செலவு முழுவதும் உங்கள் தலையில்.

கடைசியாகப் பில் பற்றி. உதயம் பதிவுள்ள குறு, சிறு நிறுவனங்களுக்கு 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டம் ஒரு பிடி கொடுக்கிறது. டெலிவரியான 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் பொருள் ஏற்கப்பட்டதாகவே கருதப்படும். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் ஏற்பு நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்க முடியாது. இழுத்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. மாதிரியை ஒப்படைக்கும் நாளில் டெலிவரி சலானில் தேதியும் முத்திரையும் வாங்கி ஃபைலில் வையுங்கள். சோதனைக்குக் கொடுத்த மாதிரியா, விற்பனைக்குக் கொடுத்த பொருளா என்பதையும் அந்தச் சலானிலேயே ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.